ஊசி யார் கையில் என்று பாருங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் ராசிபுரம், நாமக்கல் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டைத் திரும்பக் கட்டுவதைப் பற்றிய அரசியல் கார்ட்டூன் வினாத்தாளில் வந்தால் பாதிப் பேர் திணறுகிறீர்கள். சரித்திர வாத்தியார் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சிரிப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அந்த ஆண்டே வடக்கைச் சீரமைக்க ‘வடக்கின் வசந்தம்’ என்று அரசு திட்டம் போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. 2017இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தல் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வெறும் ரயிலை வரைந்தாலும், 2014இல் அதற்கு ஒரு பொருள், 2017இல் வேறு பொருள்.

2. படத்தில் யார் வேலை செய்கிறார், யார் இல்லவே இல்லை? இதற்கு நல்ல பாடம், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் ஜோசப் பேக்கர் வரைந்த படம். உலக உருண்டையின் மேல் துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் உட்கார்ந்து, கிழிந்த அமெரிக்க வரைபடத்தை ஊசி நூலால் தைக்கிறார். கீழே அதிபர் லிங்கன் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து உருண்டை நகராமல் நெம்பிப் பிடிக்கிறார். ஜான்சன் இளவயதில் தையல்காரர், லிங்கன் மரம் பிளந்தவர். அது தெரிந்தால்தான் நகைச்சுவை பிடிபடும். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். எதற்காகப் போர் நடந்ததோ, அந்தச் சுமார் 40 லட்சம் அடிமை மக்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. வடக்கும் தெற்கும் ஒட்டிக்கொண்டால் போதும் என்று ஓவியர் நினைத்துவிட்டார். ஒட்டுப் போட்ட சேலையை இளம்பிள்ளைத் தறிக்காரரிடம் கொடுத்தால் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். இந்தப் படத்தையும் அப்படிப் பாருங்கள். ‘நாட்டைச் சீர் செய்கிறோம்’ என்று வரும் எந்தப் படத்திலும் ஊசி யார் கையில், துணியாகக் கிடப்பது யார் என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

3. ஓவியரின் பேரைப் பார்த்து முன்கூட்டியே தீர்ப்பு எழுதாதீர்கள். அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் 1865 ஆகஸ்டில், ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில், போரில் காலை இழந்த கறுப்பினச் சிப்பாயை நிறுத்தி, இவனுக்கு வாக்குரிமை இல்லையா என்று நாட்டைக் கேட்டார். அதே நாஸ்ட் 1874 மார்ச்சில், அதே இதழில், தென் கரோலினா சட்டமன்றத்துக் கறுப்பின உறுப்பினர்களை முகம் கோணிய சண்டைக்காரர்களாக வரைந்தார். இடையில் ஒன்பது ஆண்டுகூட இல்லை. போருக்குப் பின் தெற்கைத் திரும்பக் கட்டிய மறுசீரமைப்புக் காலமே 1877இல் முடிந்துபோனது. எனக்கு நாஸ்டின் கோடு பிடிக்கும். அந்த 1874 படம் பிடிக்காது.

4. சிங்கள ஓவியர் என்றால் நமக்கு எதிரி என்று முடிவு கட்டாதீர்கள். 2012இல் ஜெயலலிதாவை ஆபாசமாக வரைந்த கொழும்புப் பத்திரிகை மீது இங்கே கோபம் கொதித்தது, நியாயந்தான். ஆனால் பிரகீத் எக்னெலிகொடவையும் தெரிந்துகொள்ளுங்கள். அவரும் சிங்கள ஓவியர்தான். அவர் வரைந்த ஒரு படத்தில் அரைகுறை உடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஆண்கள் கூட்டமாகச் சிரிக்கிறார்கள். பெரும்பான்மையின் விருப்பமே ஜனநாயகம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் யார், அந்த ஆண்கள் யார் என்று அவர் பேர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. 2010 ஜனவரி 24 அன்று, அதிபர் தேர்தலுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, அவர் காணாமல் போனார். மனைவி சந்தியா நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார்.

5. பழைய படம் புதிய கண்ணில் வேறாகும். அரசியலமைப்பு எழுதும் வேலை நத்தை வேகத்தில் நகர்கிறது என்று 1949இல் சங்கர் வரைந்தார். நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. பாடப்புத்தகத்தில் இருந்த அந்தப் படம் அம்பேத்கரை அவமதிக்கிறது என்று 2012இல் நாடாளுமன்றமே அமளியானது. இரு காலத்து வாசிப்பையும் விடையில் எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

6. பரமத்தி வேலூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களின் பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே பழக்கமானவர் இருந்தால் மட்டும், அவர் மனம் இருந்தால் மட்டும், போருக்குப் பின் ரோடு போடுவதைக் காட்டும் ஒரு படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நாம் ரோட்டைப் பார்ப்போம். அவர் ரோட்டோரம் யார் நிலம் போனது என்று பார்ப்பார்.

7. கடைசியாக, வாட்ஸ்அப். கார்ட்டூனை வெட்டி அனுப்புகிறவர்கள் முதலில் வெட்டுவது கையெழுத்தையும் தேதியையும்தான். அப்படி வந்ததை நீங்கள் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். வரைந்தவர் பேர், பத்திரிகை, ஆண்டு மூன்றையும் தேடிச் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்கவில்லையா, அழித்துவிடுங்கள்.