கொங்கிறீற்றுத் தளத்தின் கீழே ஒரு பௌதிகப் பாடம்

வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவழிகளாற் செல்லும் என்று நாம் வகுப்பறையிலே கற்றோம். பரீட்சைக்காக மனனஞ் செய்த அப்பாடம், பிற்காலத்தில் பனி கொட்டும் நாட்டிலே வீடு கட்டுங்கால் எமது பணத்தைக் காக்கும் என்று அன்று எண்ணியவர் எவருமிலர். இன்று எம் பழைய மாணவர் பலர் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அங்குள்ள வீடுகள் பலவற்றிற்கு நிலக்கீழ் அறை உண்டு. அதன் தளத்தைச் சூடாக்க விழைவோர்க்கும், பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இக்கட்டுரை பயன்படுமென நம்புகின்றேன்.

தளத்தைச் சூடாக்குதல் புதுமையன்று. உரோமரும் கொரிய மக்களும் பண்டே தளத்தின்கீழ்ச் சூடான புகையைச் செலுத்தினர். இக்காலத்திலோ கொங்கிறீற்றினுள்ளே பிளாஸ்ரிக் குழாய்களைப் பதித்து இளஞ்சூட்டு நீரை ஓடவிடுவர். பாதத்திற்கு இதமானது, அறையெங்கும் வெப்பம் சீராகப் பரவும். ஆயின், வெப்பம் மேலே மட்டும் செல்வதில்லை. கீழேயுள்ள குளிர்ந்த மண்ணையும் நாடும். அவ்வழியைத் தடுப்பதே காவலியின் தொழில்.

கணக்கொன்று செய்து பார்ப்போம். தளத்தின் வெப்பநிலை 28 பாகை செல்சியசு என்றும் மண்ணின் வெப்பநிலை 10 பாகை என்றும் கொள்க. வேறுபாடு 18 பாகை. பிழிந்து வார்த்த பொலிஸ்ரைரீன் பலகையின் ‘ஆர்’ பெறுமானம் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 5. எனவே 2 அங்குலப் பலகைக்கு 10, இதனை 5.68 ஆல் வகுத்தால் மெற்றிக் அலகில் 1.76. வேறுபாட்டைத் தடையால் வகுக்க, சதுர மீற்றருக்குச் சுமார் 10 உவாற்று வரும். 100 சதுர மீற்றர்த் தளத்தில் இழப்பு சுமார் 1000 உவாற்று. பலகையை 4 அங்குலமாக்கினால் அது 500 ஆகும்; 8 அங்குலமாக்கினால் 250 ஆகும். முதன்முறை இரட்டித்தபோது கிடைத்த இலாபம் 500. இரண்டாம் முறை 250 மட்டுமே. பலகையின் விலையோ ஒவ்வொரு முறையும் இரட்டிக்கின்றது. மண்ணுக்கும் சிறிது தடை உண்டாதலின் உண்மை இழப்பு இன்னுங் குறைவாகும்; ஆயினும் விதி மாறாது. அவ்வவ்விடத்துக் கட்டிடச் சட்டம் கூறும் அளவு கீழெல்லை. அதற்குமேல் எவ்வளவு என்பதை இவ்வாறு கணக்கிட்டே துணிதல் வேண்டும்.

இனிப் பலகையின் வகை. மணிகளை ஊதி அச்சில் வார்த்த வெண்பலகை ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 4 ஆர் தரும். அதனால் அரை அங்குலம் கூடுதலாக இட்டால், அதுவும் 10 ஆர் தரும். விலையும் பெரும்பாலும் குறைவு. பிழிந்து வார்த்த பலகை நீரை மிகக் குறைவாக உறிஞ்சும். ஆனால், முன்னாளில் அதனை ஊதப் பயன்பட்ட வாயு காபனீரொட்சைட்டிலும் ஆயிரம் மடங்கிற்கு மேலாகப் புவியை வெப்பமாக்குவது. 2021ஆம் ஆண்டு முதல் கனடா அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தியுள்ளது. பலகை நசுங்குமோ என்று அஞ்சவேண்டா. 100 மில்லிமீற்றர்க் கொங்கிறீற்று சதுர மீற்றருக்கு 240 கிலோகிராம். அதன் அமுக்கம் 2.4 கிலோபசுக்கால் மாத்திரமே. 110 கிலோபசுக்கால் தாங்கும் பலகையில் மூன்றிலொரு பங்கு வலிமையையே நம்பினாலும் அது போதிய அளவினும் மிகையாகும்.

என் நண்பரொருவர் இவற்றையெல்லாம் விட்டு, குமிழ்த்தாளின் இருபுறமும் அலுமினியம் ஒட்டிய மெல்லிய விரிப்பொன்றை வாங்கினார். “வெப்பத்தைக் கண்ணாடிபோல் மேலே திருப்பிவிடும், பத்து ஆருக்குச் சமம்” என்றார் விற்றவர். நண்பரும் பௌதிகம் படித்தவரே. அன்று அது நினைவுக்கு வரவில்லை. கதிர்வீசலைத் தெறிக்கவைக்க உலோகத்தின் முன்னே காற்றிடைவெளி வேண்டும். மேலே கொங்கிறீற்றும் கீழே சல்லியும் நெருக்கும் இடத்தில் இடைவெளி ஏது? அங்கு வெப்பம் கடத்தலாலேயே செல்லும். அலுமினியமோ சிறந்த கடத்தி. அவ்விரிப்பின் தடை ஏறத்தாழ ஓர் ஆர் மாத்திரமே. தை மாதக் குளிரில் அவர் வீட்டுக் கொதிகலன் ஓய்வறியாது எரிகின்றது. தளமோ வெதுவெதுப்போடு நின்றுவிடுகின்றது. திருத்துவதாயின் தளத்தைக் குழாய்களோடு உடைத்தெறிதல் வேண்டும்.

இடும் முறை இது: முதலில் 100 மில்லிமீற்றர்ச் சல்லி, அதன்மேற் காவலிப் பலகை, அதன்மேல் 0.15 மில்லிமீற்றர்ப் பொலித்தீன், பின்னர்க் கம்பிவலையிற் கட்டிய குழாய்கள், இறுதியிற் கொங்கிறீற்று. தளம் சுவரைத் தொடும் ஓரத்திலும் பலகைத்துண்டை நிறுத்த மறத்தலாகாது. அவ்வோரத்தினூடே வெப்பம் பெரிதும் கசியும். பொலித்தீனின் பொருத்துகளை நன்கு ஒட்டினால் ஈரத்தோடு மண்ணிலிருந்து எழும் ரேடன் என்னும் கதிரியக்க வாயுவும் தடைப்படும்.

கூரை ஒழுகினால் ஏறித் திருத்தலாம்; சுவர் வெடித்தாற் பூசலாம். கொங்கிறீற்றின் கீழ்ச் செய்த பிழை வீடுள்ளவரை நிற்கும். ஆதலால், மாணவர்காள், சூத்திரங்களைப் பரீட்சையோடு மறந்துவிடாதீர்கள். பொருளை விற்பவர் கூறும் எண்ணைக் கேட்குமுன், வெப்பம் இங்கே எவ்வழியாற் செல்கின்றது என்று உங்களையே கேளுங்கள்.