கோசுமரியும் அதன் சத்தும்

ஆங்கிலேயர் 'ஸாலட்' என வழங்கும் பச்சைக் காய்கறிக் கலவையை அந்நிய ஆகாரமென்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அப்பெயர் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. பண்டை ரோமர் இலைகளை உப்பிட்டு உண்டனர். ஆயினும், பொருள் நமக்குப் புதியதன்று. ஸ்ரீராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் வழங்கப்பெறும் கோசுமரி வேறு யாது?

அதன் கூட்டத்தைச் சிறிது ஆராய்வோம். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நீரே. தனித்துண்பின் தாகந் தணியுமன்றி உடல் வளராது. ஊறிய பயற்றம்பருப்பு புரதத்தையும் இரும்புச் சத்தையும் தருகின்றது. தாவரங்களிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சஞ்சாற்றிலுள்ள 'ஸி' ஜீவசத்தோ அதனை ஏற்கச் செய்கின்றது. உண்டவுடன் காபியோ தேயிலையோ அருந்துவோர் அந்நன்மையிற் பெரும்பகுதியை இழப்பர் என்பதை விடுதி மாணவர் கவனிப்பாராக!

தாளித்த எண்ணெயும் தேங்காய்த் துருவலும் சுவைக்கு மட்டுமே சேர்ந்தன அல்ல. பச்சிலைகளிலும் காரட் கிழங்கிலுமுள்ள கரோட்டின் என்னும் பொருளே உடலில் 'ஏ' ஜீவசத்தாய் மாறி, மாலைக்கண் நோயைத் தடுக்கின்றது. அது கொழுப்பிற் கரைவது. அமெரிக்காவிலுள்ள ஐயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தார் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், கொழுப்பு நீக்கிய குழம்பூற்றிக் காய்கறிக் கலவை உண்டவர் உடலிற் கரோட்டின் ஏறக்குறைய சிறிதும் சேரவில்லை. எண்ணெயை அறவே விலக்குவதே ஆரோக்கியமென்று கருதுவோர்க்கு நம் பாட்டியரின் தாளிப்புக் கரண்டி தக்க மறுமொழியாகும்.

இனி, இதனோடு சேர்க்கத்தக்கவை யாவை? விலையுயர்ந்த சீமைக் கீரையைத் தேடவேண்டுவதில்லை. ரமண மகரிஷிகள் 1899 முதல் 1916 வரை திருவண்ணாமலையில் விரூபாக்ஷ குகையில் வசித்த காலத்தில், குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த மூதாட்டி யொருவர் மலைச்சாரலிற் கீரை பறித்துச் சமைத்து அவர்க்கும் அளித்து வந்தார். கீரைப் பாட்டி என்பதே அவர் பெயராய் நிலைத்தது. பொருளற்ற அம்மூதாட்டி கொணர்ந்த கீரைக்கு இணையான சத்து செல்வர் மேசையில் இருந்ததோ என்பது ஐயமே. கூனூரில் மக்காரிஸன் தொடங்கிய போஷணை ஆராய்ச்சியின் வழிவந்த ஹைதராபாத் நிலயத்தார் 1971இல் வெளியிட்ட அட்டவணையின்படி, நூறு கிராம் காரட்டில் 1,890 மைக்ரோகிராமும், முருங்கைக் கீரையில் 6,780 மைக்ரோகிராமும் கரோட்டின் உண்டு. முருங்கையோ பல வீடுகளின் கொல்லையில் விலையின்றி நிற்பது.

ஆனால் முருங்கையைப் பச்சையாய் உண்ணல் இயலாது. இங்கே ஒரு தடை எழும். சமைத்தால் சத்து அழியாதோ? 'ஸி' ஜீவசத்து நீரிற் கரைந்து வெப்பத்தில் அழிவது மெய்யே. கரோட்டின் அவ்வாறன்று, சிறிது வேகவைப்பின் அது இன்னும் எளிதாய் உடலிற் சேரும். ஆகலின் யாவற்றையும் பச்சையாய் உண்ணவேண்டும் என்பாரோடு யான் உடன்படேன். கீரையை எண்ணெயோடு வதக்குக; 'ஸி' சத்திற்குப் பச்சை நெல்லிக்காயைத் துருவிக் கோசுமரியிற் சேர்க்க. நூறு கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் அச்சத்து உண்டென்று 1971ஆம் ஆண்டு அட்டவணை கூறிற்று. 2017இல் வெளிவந்த புதிய அட்டவணை அதிற் பாதிக்குங் குறைவாகவே காட்டுகின்றது. அங்ஙனமாயினும் எலுமிச்சையினும் அது பன்மடங்கு மிகுதி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளை ஆரஞ்சும் எலுமிச்சையும் ஊட்டித் தேற்றியது இச்சத்தினாலேயாம்.

சுத்தம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சாக்கடை நீர் பாய்ந்த தோட்டத்துக் கொத்துமல்லியிற் புழுக்களின் முட்டையும் குடற்காய்ச்சற் கிருமியும் ஒட்டியிருத்தல் கூடும். உப்புநீரில் தோய்த்தல் போதாது. தழையை இதழிதழாய்ப் பிரித்து, ஓடும் நல்ல நீரிற் பலமுறை அலசுக. வெள்ளரியைத் தோல் சீவுக.

காய்களை உண்ணும் நேரத்திலேயே அரிதல் நன்று. அரிந்து வைப்பின் காற்றுப்பட்டு 'ஸி' சத்துக் குறையும். உப்பை இறுதியிலிடுக, முன்னரே இட்டால் வெள்ளரி நீர்விட்டுத் துவண்டு, இலையிற் பருப்பு மிதக்கும்.