24ஆவது மாதத்துக்கு முன்

கனடாவில் வேலை செய்கிற பலரது சம்பளத் துண்டில் எல்.ரி.டி. என்றொரு கழிவு இருக்கும். நீண்டகால இயலாமைக் காப்புறுதி. நோய் வரும்வரை அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வந்தபின் பேசுவதற்கு உடம்பில் தெம்பு இருப்பதில்லை. முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகள் வீங்கி, ரொறன்ரோவில் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் பார்த்துவந்த வேலையை விட்டதிலிருந்து என் வீட்டு வாடகையும் சாப்பாடும் இந்தக் காப்புறுதியில்தான் நடக்கின்றன. ஸ்காபரோவில் என்னைச் சுற்றி, தொழிற்சாலையில் முதுகு போனவர்களும் மனச்சோர்வால் வேலைக்குப் போக முடியாதவர்களும் நியாயமாகக் கிடைக்கவேண்டிய இந்தப் பணத்தைப் பாதிவழியில் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் பொய் சொன்னவர்கள் அல்ல.

வேலைத்தலம் தருகிற சிறு கையேட்டோடு நின்றுவிடாமல், முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான குழுக் காப்புறுதிகள் வருமானத்தில் 60 முதல் 70 வீதம்வரை, 65 வயதுவரை கொடுக்கும். வேலையை விட்ட உடனே அது தொடங்காது. பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை வேலைத்தலத்தின் குறுகியகாலக் காப்புறுதியோ, 2022 டிசம்பரிலிருந்து 26 வாரங்களுக்கு நீட்டப்பட்ட ஈ.ஐ. எனப்படும் அரச வேலைக் காப்புறுதியின் நோய்க்காலக் கொடுப்பனவோ நிரப்பும். இந்தக் காப்புறுதிக்கான கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டியிருந்தால் கிடைக்கும் பணத்துக்கு வரி இல்லை. முதலாளி ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலும் வரி உண்டு. குடும்பக் கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் பெரியது.

ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘இயலாமை’ என்பதற்கு அது தரும் வரைவிலக்கணம். வழமையாக முதல் 24 மாதம், நீங்கள் பார்த்துவந்த அதே வேலையைச் செய்ய முடியாவிட்டால் போதும். அதற்குப் பிறகு, உங்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிற எந்த வேலையையும் செய்ய முடியாதவராக இருக்கவேண்டும். உடம்பு அப்படியே இருக்கும், விதி மாறிவிடும். கொடுப்பனவு நிறுத்தப்பட்டவர்களில் நான் அறிந்த பலருக்கு அந்தக் கடிதம் வந்தது இந்தத் திருப்பத்தில்தான். ஆகவே 24ஆவது மாதத்துக்கான ஆயத்தம் முதல் மாதத்திலேயே, வைத்தியரின் அறையில் தொடங்குகிறது.

எங்கள் ஆட்கள் வைத்தியரிடம் போனால் என்ன நடக்கிறது? “எப்பிடி இருக்கிறியள் அம்மா?” என்று அவர் கேட்பார். “பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறன்” என்போம். பெரியவர்கள் முன் நோவைச் சொல்லி அழக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வைத்தியர் தமிழராகவே இருந்தாலும், கணினியில் ‘நிலைமை சீராக உள்ளது’ என்று பதிந்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். பின்னொரு நாள் காப்புறுதி நிறுவனம் கேட்டெடுப்பது அந்தப் பதிவைத்தான். எங்கோ ஒரு அலுவலகத்தில் அதை வாசிக்கிறவருக்கு ‘சீராக’ என்றால் ‘வேலைக்குப் போகலாம்’ என்று அர்த்தம்.

நோயின் பெயருக்குக் காப்புறுதி பணம் கொடுப்பதில்லை. அந்த நோயால் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் கொடுக்கிறது. அதனால் நான் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு தாள் எழுதிக்கொண்டு போவேன். காலையில் விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை நிமிடம் தட்டச்சுச் செய்தபின் கை எரிகிறது, மெதோட்ரெக்ஸேட் மருந்து எடுத்த மறுநாள் எந்தளவு களைப்பு, சட்டைப் பொத்தானை யார் பூட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நல்ல நாளையும் சொல்லுங்கள், அதற்கு அடுத்த நாள் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படிவங்களில் ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுதுவது ஆபத்து. கோயில் தேருக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கும் உங்கள் படத்தை யாராவது முகநூலில் போட்டிருப்பார்கள். நிறுவனங்கள் ஆள் வைத்து வீடியோ எடுப்பதும் உண்டு. கோயிலுக்குப் போவது குற்றமில்லை. ‘சில நாட்களில் போவேன், பிறகு இரண்டு நாள் படுக்கை’ என்று உள்ளபடி எழுதியிருந்தால் அந்தப் படம் உங்களுக்கு எதிராகத் திரும்பாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வங்கி வரவேற்பாளராக இருந்த ஃபிட்லர் என்ற பெண்ணின் கொடுப்பனவு இப்படியொரு வீடியோவை வைத்து நிறுத்தப்பட்டது. அந்த வழக்கில் 2006இல் கனடா உச்ச நீதிமன்றம், கொடுப்பனவை நிறுத்தியதால் அவருக்கு ஏற்பட்ட மனவேதனைக்காக 20,000 டொலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. நோயாளியின் மனநிம்மதியும் இந்த ஒப்பந்தம் தருகிற பொருளில் ஒரு பகுதி என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அது பெரிய தெம்பு தந்தது.

சி.பி.பி. எனப்படும் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்படி காப்புறுதி நிறுவனம் வற்புறுத்தும். கிடைக்கிற தொகையை எல்.ரி.டி.யில் கழித்துக்கொள்ளும். ‘அப்படியென்றால் எனக்கு என்ன லாபம்?’ என்று பலர் கோபப்படுகிறார்கள். லாபம் உண்டு. எல்.ரி.டி. நின்றாலும் சி.பி.பி. தொடரலாம், அந்த ஆண்டுகளால் உங்கள் சி.பி.பி. முதுமை ஓய்வூதியம் குறையாமல் பாதுகாக்கப்படும். ஆனால் பின்தேதியிட்டு ஒரு பெரிய தொகை வந்தால் அதைத் தொடாமல் வையுங்கள். பெரும்பகுதியை நிறுவனம் திருப்பிக் கேட்கும்.

எனக்கும் 24ஆவது மாதம் நெருங்கியபோது கடிதம் வந்தது. தொலைபேசி வாடிக்கையாளர் சேவை போன்ற வேலைகளை நான் செய்யலாம் என்று என்னை நேரில் காணாத ஒருவர் அறிக்கை எழுதியிருந்தார். என் மூட்டுநோய் நிபுணரிடம், எனக்குச் சுகமில்லை என்று மட்டும் எழுதாமல் கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் எந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எழுதும்படி கேட்டேன். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரின் மதிப்பீட்டையும் இணைத்தேன். என் கோப்பின் பிரதியையும் எழுத்தில் கேட்டேன்; தனியுரிமைச் சட்டத்தின்படி 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். இரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த தாள்கள்தான் என்னைக் காப்பாற்றின. கொடுப்பனவு தொடர்ந்தது.

எல்.ரி.டி. பெறும் காலத்தில் வேலைத்தலம் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி, ஒரு தொகையோடு கையெழுத்துக் கேட்டால் கவனம். அந்தப் பத்திரத்தில் எல்.ரி.டி. உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி ஒளிந்திருக்கலாம். சட்டத்தரணி பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள்.

மறுப்புக் கடிதம் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? ‘மேல்முறையீடு செய்யலாம்’ என்று அதில் எழுதியிருக்கும். அந்த மேல்முறையீட்டை விசாரிப்பதும் அதே நிறுவனம்தான்; அது நடக்கும்போது காலக்கெடு நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். ஒன்ராறியோவில் வழக்குப் போடப் பொதுவாக மறுப்பிலிருந்து 2 ஆண்டுகள்தான். கடிதத்தின் திகதியை எழுதி வையுங்கள். காப்புறுதி வழக்குகள் நடத்துகிற சட்டத்தரணி ஒருவரிடம் இந்தக் கிழமையே பேசுங்கள். பலர் முதல் சந்திப்புக்குக் காசு வாங்குவதில்லை.