குளிரைச் சேமிக்கலாம், காத்தை?

மாலை 6 மணி. சோலார் மின்சாரம் இறங்கும் நேரம். ஊர் முழுக்க லைட்டும் ஏசியும் ஏறும் நேரம். இந்த நெருக்கடியில் பெரிய கட்டடங்கள் கொஞ்ச நேரம் ஏசியைக் குறைச்சா கிரிட்டுக்குப் பெரிய உதவி. ஆனா உள்ளே இருக்கிறவங்க தாங்கணுமே? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள செமினார் ஹால். மேலே இன்னொரு மாடி இருக்குன்னு வச்சுக்கோங்க. உள்ளே 60 பேர். ஹாலில் இருக்கும் காற்று சுமார் 290 கிலோ. அதை 1 டிகிரி சூடாக்க சுமார் 290 கிலோ ஜூல் போதும். வியர்வை ஈரத்தோடு போறதை விட்டுட்டா, உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் சுமார் 70 வாட் வெப்பம் விடுவார். 60 பேருக்கு 4.2 கிலோவாட். ஏசியை நிறுத்தினா 70 நொடிக்கு 1 டிகிரி ஏறணும்!

நிஜத்தில் அப்படி ஏறாது. சீலிங் கான்கிரீட்டின் அடிப்பக்கம் 5 சென்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கிட்டாலே, காற்றைப் போல 30 மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும். அதையும் சேர்த்தா 1 டிகிரி ஏற சுமார் 35 நிமிஷம். ஒரு மணி நேரத்தில் 1.7 டிகிரி. ஆஷ்ரே 55 தரநிலை ஒரு மணி நேரத்துக்கு 2.2 டிகிரி வரை மாற அனுமதிக்குது. லைட், சுவர் வழியா வரும் வெப்பம் தனி. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி மறைஞ்சிடும்.

சரி, வென்டிலேஷனையும் சேர்த்து நிறுத்தலாமா? இங்கதான் சிக்கல். ஒருத்தர் நிமிஷத்துக்கு சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். 60 பேர்னா ஹாலில் நிமிஷத்துக்கு 75 பிபிஎம் ஏறும். 800-ல் ஆரம்பிச்சா 14 நிமிஷத்துக்குள் 1800-ஐத் தாண்டிடும். கான்கிரீட் குளிரைச் சேமிக்கும். நல்ல காத்தைச் சேமிக்க எதுவும் இல்ல.

அதே சமயம் சென்னை மாதிரி ஊரில் வெளிக்காத்து ஈரத்தையும் கூட்டிட்டு வரும். அதை வெளியேற்ற கம்ப்ரஸர் வேணும். அதனால முழுசா நிறுத்தாம இப்படிச் செய்யலாம்: சோலார் தாராளமா இருக்கும் மதியத்திலேயே ஹாலைக் குளிர வச்சிடுங்க. 6 மணிக்கு செட்பாயிண்டை 24-லிருந்து 26-க்கு ஏத்துங்க. சீலிங் ஃபேனைப் போடுங்க. காத்து மேல படும்போது அந்த 2 டிகிரி பெரிசா தெரியாது. வெளிக்காத்து வரும் வழியை மட்டும் அடைக்காதீங்க.

இன்னொண்ணு. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே கொண்டு வராது. இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும். கதவைச் சாத்தின ஹாலில் கண்ணு சொருகினா, பேசுறவரை மட்டும் குறை சொல்லாதீங்க. பிரேக்கில் ஜன்னலைத் திறந்து வைங்க.