தோல் ஆலைக் கழிவுநீரில் குரோமியம்

கேள்வி: கழிவுநீரில் குரோமியம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதை நீக்க முடியுமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: எந்தக் குரோமியம் என்று முதலில் பார்க்க வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம், நச்சு குறைவு. ஆறிணைதிற வகைதான் பொல்லாதது. புற்றுநோயை உண்டாக்கும், நீரில் கரைந்து நிலத்தடிக்கும் இறங்கிவிடும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் சுற்றுவட்டார நீரைக் கெடுத்தது இப்படித்தான்.

தண்ணீர் மஞ்சளித்தால் சந்தேகப்படுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று நம்பியும் விடாதீர்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவு கண்ணுக்குத் தெரியாது. ஆய்வகத்தில் மாதிரியை அமிலமாக்கி டைஃபினைல்கார்பசைடு சேர்ப்பார்கள். ஆறிணைதிற வகை இருந்தால் ஊதாச் சிவப்பு நிறம் வரும். அதன் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும்.

நீக்குவதற்கு, இரும்பு சல்பேட் சேர்த்து ஆறிணைதிற வகையை மூவிணைதிற வகையாக மாற்றி, சுண்ணாம்பு போட்டால் வண்டலாகப் படியும். தோல் ஆலைகளில் மூவிணைதிற குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடவே பயன்படுத்தலாம். எனக்குப் பிடித்த வழி இது. வண்டலைத் திறந்தவெளியில் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

வீட்டில் கொதிக்க வைப்பதால் குரோமியம் போகாது. நீர் ஆவியாக ஆக, செறிவுதான் கூடும்.