காட்சிகளைக் காப்போம்

நுழையும்முன்

படம் எடுப்பது எளிதாகிவிட்டது. எடுத்த படத்தைத் தேவைப்படும் நாளில் தேடி எடுப்பதுதான் அரிது. படத்தொகுப்பில் ஈடுபடுவோர் தம் கோப்புகளை ஏன் வகைப்படுத்த வேண்டும், எவ்வாறு வகைப்படுத்த வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மீண்டும் வருவதும் வாராததும்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் மலைச்சரிவுகளில் அது 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பெருந்திரளாக மலர்ந்தது. அடுத்து 2030ஆம் ஆண்டில் மலரும் என எதிர்பார்க்கப்படுகிறது.

அவ்வாண்டில் மாணவர் சிலர் குறிஞ்சியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பதாகக் கொள்வோம். பூக்களோடு, முந்தைய மலர்ச்சிகளைக் கண்ட தேயிலைத் தோட்டத்து முதியோரின் நினைவுகளையும் அவர்கள் பதிவு செய்கிறார்கள். கொழுந்து, லயம், கங்காணி முதலிய சொற்கள் அம்முதியோரின் பேச்சில் இயல்பாக வந்து விழும். பூவின் காட்சி தொலைந்தால் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். பாட்டியின் குரல் தொலைந்தால் அது மீண்டும் கிடைக்குமா?

தொலைந்த படங்கள்

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. ஜே. சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதல் படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப்படமும் அவ்வாறே அழிந்தது. 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் பிழைத்தது. பதிப்புரிமை வழக்கில் சிக்கிய அப்படத்தின் சுருள் நூல் வெளியீட்டாளரிடம் முடங்கிக் கிடந்தது. 1974ஆம் ஆண்டில் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. ஓரிடத்தில் இருந்தமையால்தான் அது நமக்குக் கிடைத்தது.

படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும். கணினிக் கோப்புக்கு அவ்வியல்பு இல்லை. ஆகவே, அதன் பெயரும் இடமுமே அதற்கு அடையாளம்.

மென்பொருள் இயங்கும் முறை

கேடன்லைவ் போன்ற தொகுப்பு மென்பொருளில் ஒரு காட்சியைச் சேர்க்கும்போது, அக்காட்சி பொதுவாகத் திட்டக் கோப்புக்குள் செல்வதில்லை. அது இருக்கும் இடம், எந்த நொடி முதல் எந்த நொடி வரை தேவை என்னும் குறிப்புகள் மட்டுமே அதில் எழுதப்படும்.

வீடு மாறிச் சென்றவரைப் பழைய முகவரியில் தேடும் அஞ்சல்காரரை எண்ணிப் பாருங்கள். மூலக் கோப்பை வேறிடத்திற்கு நகர்த்தினாலும் அதன் பெயரை மாற்றினாலும் மென்பொருளின் நிலை அதுவே. காட்சி காணவில்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றும்.

வகைப்படுத்தும் முறை

1. முதலில் ‘குறிஞ்சி_2030’ என ஒரே முதன்மைக் கோப்புறையை அமைக்க வேண்டும். அதனுள் 01_காட்சி, 02_ஒலி, 03_நிழற்படம், 04_தொகுப்பு, 05_நிறைவு என உட்கோப்புறைகள் இருக்கட்டும். திட்டக் கோப்பை 04_தொகுப்பில் சேமிக்க வேண்டும்.

2. நினைவக அட்டையிலும் பென்டிரைவிலும் உள்ளவற்றை இக்கோப்புறைகளில் படியெடுத்த பின்னரே மென்பொருளில் சேர்க்க வேண்டும். அட்டையிலிருந்து நேரே சேர்த்தால், அதைக் கழற்றியதும் இணைப்பு அறுந்துவிடும்.

3. தொகுப்பைத் தொடங்கும் முன்பே பெயரிட வேண்டும். கேமராக்கள் பல, 9999க்குப் பின் மீண்டும் 0001 எனத் தொடங்கும். எனவே ஒரே பெயரில் இரு கோப்புகள் அமையக்கூடும். ‘2030-08-20_இரவிகுளம்_பாட்டி_01’ என்பது நல்ல பெயர். ஆண்டு முன்னிற்பதால் கோப்புகள் கால வரிசையில் நிற்கும்.

4. மென்பொருளுக்குள்ளும் காட்சி, நேர்காணல், இசை எனப் பிரித்து வைக்க வேண்டும். முன்னாளில் தொகுப்பாளர்கள் வெட்டிய படத்துண்டுகளுக்குக் குறிப்பெழுதி, துணி விரித்த தொட்டியின் மேல் தொங்கவிடுவார்கள். அந்தத் தொட்டியின் ஆங்கிலப் பெயராகிய ‘பின்’ என்பதே இன்று மென்பொருளிலும் வழங்குகிறது.

5. முதன்மைக் கோப்புறைக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வீட்டிலுள்ள கணினி நனைந்தாலும் உறவினர் வீட்டிலுள்ள வன்தட்டு காக்கும்.

சொல்லும் பொருளும்

கோப்புறை – கோப்புகளை இட்டு வைக்கும் உறை
படி – நகல்
வன்தட்டு – பெருமளவு தரவைச் சேமிக்கும் சாதனம்
காப்பகம் – ஆவணங்களைப் பேணும் இடம்

பயிற்சி

1. திட்டக் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் அவரால் படத்தைக் காண இயலுமா? காரணம் கூறுக.

2. 05-11-2030_சித்தூர், 12-09-2030_மூணாறு, 20-08-2030_இரவிகுளம் ஆகிய கோப்புகளைக் கணினி இவ்வரிசையில் காட்டுகிறது. இது கால வரிசையா? ஆண்டை முன்வைத்துப் பெயர்களைத் திருத்தி எழுதுக.

3. உம் குடும்பத்து முதியவர் ஒருவர் இவ்வூருக்கு வந்த வரலாற்றை அவருடைய இசைவு பெற்று ஐந்து நிமிடம் பதிவு செய்க. நாள், இடம், பேசுபவர் விளங்குமாறு பெயரிட்டு, மூன்று படிகள் எடுத்து வைக்க.