சிலந்திச்செடி

வீட்டைச் சூழத் தோட்டம் அமைத்தல் நம் நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. ஆயினும், தோட்டத்திற்கு வேண்டிய நீர் எக்காலத்தும் எளிதிற் கிடைப்பதன்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. குடிநீருக்கே மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றனர். அத்தகைய காலத்திற் புல்தரைக்கு நாள்தோறும் நீர் பாய்ச்சுதல் யாங்ஙனம் இயலும்? நடைவழியின் இருமருங்கும் மரத்தடியும் பசுமையாக விளங்குதல் வேண்டும். நீரோ சிறிதே உண்டு. இந்நிலையிற் கைகொடுக்கும் செடிகளுள் ஒன்று சிலந்திச்செடி. செடி விற்போர் இதனை 'ஸ்பைடர் பிளாண்ட்' என்பர்.

இதனை முதன்முறை காண்போர் புல் என்றே கருதுவர். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீண்ட குறுகிய இலைகள், அடியிலிருந்து கொத்தாக எழுந்து நாற்புறமும் வளைந்து நிற்கும். இலையின் நடுவே வெண்ணிற வரி ஒன்று அடிமுதல் நுனிகாறும் ஓடும். மற்றொரு வகையில் நடு பசுமையாகவும் ஓரங்கள் வெண்மையாகவும் இருக்கும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். அதனாலன்றோ வானோங்கிய பனையும் புல் எனப்பட்டது! சிலந்திச்செடிக்கோ புறத்தும் வயிரமில்லை, அகத்தும் இல்லை. இக்காலத் தாவர நூலாரும் இதனைப் புல்லினத்திற் சேர்த்திலர். தண்ணீர்விட்டான் கொடி அடங்கிய குடும்பத்திற் சேர்த்துள்ளனர். மழை பொய்த்த காலத்தில் விலங்கிற்கு உணவானதாகக் கலித்தொகை கூறும் மரலும் இக்குடும்பத்ததே.

இதன் தாயகம் ஆப்பிரிக்கா. துன்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1794-இல் இதனைத் தம் நூலில் விவரித்தார். குளோரோபைட்டம் என்னும் இனப்பெயருக்குக் கிரேக்க மொழியிற் பசுஞ்செடி என்பது பொருள். வெள்ளை வரிக்காகவே மக்கள் விரும்பும் செடி இப்பெயர் பெற்றது வேடிக்கையே. ஆயினும், காட்டில் இயல்பாக வளர்வது முழுப் பச்சை இலையுடையதாகலின், பெயரிட்டார்மேற் குற்றமில்லை.

இச்செடி வறட்சியைத் தாங்கும் திறன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. மேலே மெல்லிய இலைகள்; மண்ணுள்ளே பருத்த வெண்ணிற வேர்கள். நீர் கிடைக்குங்கால் இவ்வேர்கள் அதனை நிரப்பி வைத்துக்கொள்ளும். கிடையாக்கால் இலைகள் அச்சேமிப்பைக் கொண்டு பிழைக்கும். வீட்டார் ஒரு வாரம் வெளியூர் சென்று மீண்டாலும், நிழலில் வைத்த செடி சற்று வெளிறி நிற்குமேயன்றி இறந்துபடாது. தொட்டியிற் பல ஆண்டுகள் விட்டுவைப்பின், வேர்கள் பெருகித் தொட்டியையே பிளத்தலும் உண்டு.

வறட்சியைத் தாங்கும் இச்செடி மிகைநீரைத் தாங்காது. மண் ஓயாது ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று எட்டாது, வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாமையின் இலை மஞ்சளித்து வாடும். அதனைக் கண்டோர், நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றுவர்; செடி விரைவில் மடியும். ஆகவே, விரலை ஒரு கணு அளவு மண்ணிற் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக. செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் சம பங்காகக் கலந்த மண் இதற்கு ஏற்றது. களிமண் நிலமாயின் மேட்டுப்பாத்தி அமைத்து, ஓரடி இடைவெளியில் நடுதல் நன்று. காலை வெயில் ஆகும். உச்சி வெயில் ஆகாது.

சிலவிடத்து இலைநுனி பழுப்பாகித் தீய்ந்து காணப்படும். நீரிலுள்ள உப்பும் ஃபுளோரைடும் இதற்குக் காரணமாதல் உண்டு. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிற் பலவிடங்களில் ஃபுளோரைடு மிகுதி. அங்கெல்லாம் கூரையிலிருந்து சேமித்த மழைநீரை விடுதலே தக்கது.

இச்செடி வீட்டுக் காற்றைத் தூய்மை செய்யும் எனப் பலர் கூறுவர். அடைத்த சிறு அறைகளில் நிகழ்த்திய சோதனைகளால் எழுந்த பேச்சு அது. சாளரமுள்ள வீட்டில் அத்தகைய பயன் பெற, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடிகளேனும் வேண்டும் என 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. சாளரத்தைத் திறத்தல் அதனினும் எளிது.

இனி, வரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கதிரொளியால் உணவு ஆக்குவது இலையின் பச்சையம். வெண்ணிறப் பகுதியில் அது இல்லை. ஆகவே, அருகிலுள்ள பச்சைப் பகுதி ஆக்கிய உணவையே வெண்பகுதி உண்டு வாழ்கின்றது. வரியிலைச் செடி முழுப் பச்சைச் செடியினும் மெல்ல வளர்வது இதனாலேயாம். குருத்தில் இருவகை உயிரணுக்கள் அடுக்காக நின்று ஒருங்கே வளர்தலால் வரி உண்டாகிறது. விதை அவ்வடுக்கு முழுவதையும் கொண்டு செல்வதில்லை. எனவே விதையில் முளைத்த கன்று பெரும்பாலும் வரியின்றியே வளரும்.

வரியைக் காக்க விரும்புவோர் பக்கக் கன்றுகளையே நாடவேண்டும். கொத்தின் நடுவிலிருந்து நீண்ட தண்டு ஒன்று எழும். அதிற் சிறு வெண்பூக்கள் மலரும். பின்னர் அத்தண்டிலேயே சிறு கன்றுகள் தோன்றி, நூலில் தொங்கும் சிலந்திகள்போல் அசையும். செடியின் பெயர்க்காரணம் இதுவே. தாய்ச்செடியிலிருந்து அறுக்காமலே கன்றை வேறொரு தொட்டி மண்ணிற் பதித்து வைப்பின், வேரூன்றும்வரை தாய் அதற்கு ஊட்டும். மூன்று நான்கு வாரங்கள் சென்றபின் தண்டை நறுக்கலாம்.

வரியிலைக் கொத்தின் நடுவே சிலபோது முழுப் பச்சைக் குருத்து ஒன்று முளைப்பதுண்டு. உணவு ஆக்கும் ஆற்றல் அதற்கு மிகுதியாகலின், விரைந்து வளர்ந்து வரியிலைகளை நெருக்கி மறைத்துவிடும். கண்டவுடன் அதனை வேரோடு பிரித்தெடுத்தல் வேண்டும். பிரித்ததை எறிய வேண்டா. வேலியோர நிழலில் நட்டால் அங்கே தழைக்கும்.